பாதியில் நின்ற கத்தரி

என் இடது முன்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. உடைந்த கண்ணாடி கிழித்த இடம். நீளவாக்கில் ஒரு வெளிறிய கோடு, அதன் இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாக ஆறு ஜோடி. அந்தப் பன்னிரண்டு புள்ளிகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரியது, லேசாகக் குழிந்திருக்கும். விரலால் தடவினால் அந்த இடத்தில் விரல் ஒரு கணம் நின்று போகும். பல வருடங்களாக அது அங்கேதான் நிற்கிறது, என் மனமும் அப்படித்தான்.

தையல் போட்டவர் மிகவும் பொறுமையாகப் போட்டார். மரத்துப்போக ஊசி போட்டு, காயத்தைத் திரும்பத் திரும்பக் கழுவி, கண்ணாடித் துகள் ஏதும் உள்ளே இருக்கிறதா என்று விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு முடிச்சாக இறுக்கினார். முக்கால் மணி நேரம் ஆனது. பத்து நாள் கழித்து அதைப் பிரிக்கப் போனபோது இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிரித்தவர் வேறொருவர். பக்கத்தில் நின்றவரோடு பேசிக்கொண்டே கத்தரியை விட்டு விட்டு எடுத்தார், நூல்களைக் குப்பைத் தொட்டியில் உதறினார், "அவ்வளவுதான், போகலாம்" என்றார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இரண்டரை மாதம் கழித்து அந்தத் தழும்பின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டி கிளம்பியது. சிவந்து, தொட்டால் வலித்து, ஒருநாள் தானாக உடைந்து சீழ் வந்தது. இன்னொரு மருத்துவரிடம் போனேன். அவர் மெல்ல அழுத்திவிட்டு, நுனி கூரான இடுக்கியால் உள்ளிருந்து ஒன்றை எடுத்துப் பஞ்சின் மேல் வைத்தார். நீல நிறத்தில், நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு நூல் துண்டு.

வலியை மறந்துவிட்டேன். மறக்க முடியாமல் இருந்தது ஒரு கேள்விதான்: அவ்வளவு கவனமாகப் போடப்பட்ட ஒன்றை எடுக்கும்போது ஏன் யாரும் பார்க்கவே இல்லை? அதன் பிறகு மருத்துவத் துறையில் எனக்குத் தெரிந்தவர்கள் யார் கிடைத்தாலும், தையல் பிரிப்பது எப்படி என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பலருக்கு அந்தக் கேள்வியே வியப்பாக இருந்தது. "அதுல என்ன இருக்கு?" என்றார்கள். நிறைய இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது, ரொம்ப நாள் கழித்து, அம்மாவின் முழங்காலில்.

ஒரு பக்கம் மட்டும்

ஒரு சாதாரணத் தையலை வளையமாக நினைத்துக்கொள்ளுங்கள். காயத்தின் ஒரு கரையில் தோலுக்குள் இறங்கி, அடியில் காயத்தைக் கடந்து, மறு கரையில் மேலே வந்து, திரும்பி வந்து முடிச்சில் சேர்கிறது. வளையத்தின் பாதி உடம்புக்குள்ளே, பாதி வெளியே. முடிச்சு காயக்கோட்டின் மேல் இருக்காது, ஏதாவது ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். பிரிப்பவர் முதலில் அந்த இடத்தைச் சுத்தம் செய்கிறார். காய்ந்த ரத்தமும் பொருக்கும் நூலைப் பிடித்துக்கொண்டிருந்தால் சலைனில் நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் வைத்து ஊறவிடுகிறார். பிரிக்கும்போது வலித்தது என்று நாம் சொல்வதில் பாதி, இந்த ஊறவைக்கும் வேலையைத் தவிர்த்ததால் வருவது. பொருக்கு தோலோடு சேர்ந்து இழுபடுகிறது. நூல் மட்டும் வந்தால் ஒரு சுருக்கென்ற இழுப்புதான். அதனால்தான் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி தேவைப்படுவதில்லை.

அப்புறம் இடுக்கியால் முடிச்சைப் பிடித்து லேசாக மேலே தூக்க வேண்டும். தூக்கினால், அதுவரை தோலுக்குள் இருந்த நூலில் மயிரிழை அளவு வெளியே தெரியும். அது வெளியே கிடந்த நூலைவிடக் கொஞ்சம் வெளிறி, சுத்தமாக இருக்கும். வெட்ட வேண்டிய இடம் அதுதான்: முடிச்சுக்குக் கீழே, தோலை ஒட்டி, ஒரே ஒரு இழையை. நுனி மெல்லிய கத்தரியாலோ தையல் வெட்டும் பிளேடாலோ வெட்டிவிட்டு முடிச்சைப் பிடித்து இழுத்தால் முழு நூலும் ஒரே துண்டாக வந்துவிடும்.

தோலை ஒட்டி வெட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. வெளியே கிடந்த நூல் பத்து நாளாக அழுக்கையும் தோலின் மேல் வாழும் கிருமிகளையும் வாங்கிக்கொண்டிருக்கிறது. முடிச்சுக்கு எதிர்ப்பக்கம், நூல் வாகாகத் தெரியும் இடத்தில் வெட்டி இழுத்தால், அந்த அழுக்கு நூல் காயத்தின் அடிவழியாக உள்ளே போய்த்தான் மறுபக்கம் வெளியே வரும். மூடிக்கொண்டிருக்கும் காயத்துக்குள் நாமே கிருமியை இழுத்து விட்டது போல ஆகிவிடும். ஒரே ஒரு இழையை வெட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. அவசரத்தில் முடிச்சுக்குக் கீழே இரண்டு இழைகளும் கத்தரிக்குள் மாட்டினால் முடிச்சு மட்டும் கையோடு வரும். உள்ளே இருக்கும் பாதி வளையம் பிடிக்க நுனி இல்லாமல் தோலுக்குள் தங்கிவிடும். என் கையில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். தோலின் மேல் போடும் நைலான், பாலிபுரோப்பிலின் நூல்கள் தானாகக் கரைவதில்லை. உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்க்கிறது, சுற்றி வளைக்கிறது, வெளியே தள்ளப் பார்க்கிறது.

இழுக்கும் திசையிலும் ஒரு கணக்கு உண்டு. நூலைக் காயக்கோட்டின் பக்கமாகச் சாய்த்து இழுத்தால் இரண்டு கரைகளும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கும். வெளிப்பக்கமாக இழுத்தால் அந்த இழுப்பே கரையைப் பிரிக்கும். இவ்வளவையும் ஒரு தையலுக்குப் பத்து வினாடியில் செய்துவிடலாம். நேரம் குறைவாக ஆவது தவறில்லை. அந்தப் பத்து வினாடி கண் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம்.

நாட்காட்டியின் கணக்கு

"பத்து நாள் கழிச்சு வந்து தையல் பிரிச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்த எண்ணை நாம் ஒரு கெடுவைப் போல எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது உடம்பின் எந்த இடம் என்பதைப் பொறுத்த ஒரு மதிப்பீடு. முகத்தில் மூன்று முதல் ஐந்து நாள். தலையில் ஏழு முதல் பத்து. உடலிலும் கைகளிலும் பெரும்பாலும் அதே கணக்கு. கால்களிலும் மூட்டுகளின் மேலும் பத்து முதல் பதினான்கு. உள்ளங்கை, உள்ளங்கால் என்றால் இரண்டு வாரம்போல. முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், காயம் சீக்கிரம் கூடும். காலில் ரத்த ஓட்டம் குறைவு. மூட்டிலோ ஒவ்வொரு அசைவும் தோலை இழுக்கிறது.

சீக்கிரம் எடுத்தால் பிரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். தாமதித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் நினைத்துப் பார்த்ததில்லை. தோலின் மேலடுக்குச் செல்கள் நூலைப் பற்றிக்கொண்டே உள்ளே இறங்கி வளர்கின்றன. ஒரு வாரத்துக்கு மேல் போகப் போக, நூல் போன துளை வெறும் துளையாக இல்லாமல் தோல் பூசிய ஒரு சின்னக் குழாயாக மாறுகிறது. பிறகு நூலை எடுத்தாலும் அந்தத் தடம் போவதில்லை. பழைய தழும்புகள் சிலவற்றில் ஏணிப்படி போலக் குறுக்குக் கோடுகள் தெரியுமே, அது இப்படி வந்ததுதான். இறுக்கமாகப் போட்ட தையல், நாள் கடந்து எடுத்த தையல், இரண்டுமே அந்த ஏணியை உண்டாக்கும்.

ஆக, எடுக்க வேண்டிய நாள் என்பது இரண்டு ஆபத்துக்கு நடுவே உள்ள ஒரு குறுகிய இடம். அந்த இடத்தில் காயம் எவ்வளவு பலமாக இருக்கும்? இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. முதல் வாரம் முடியும்போது, கூடிய காயத்தின் பலம் சாதாரணத் தோலின் பலத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. மூன்றாவது வாரத்தில் சுமார் 20 முதல் 30 சதவீதம். மூன்று மாதம் போனால் 80 சதவீதம்வரை வரும். அதற்கு மேல் எப்போதும் ஏறுவதில்லை. நூலை எடுக்கும் அன்று, பார்வைக்கு மூடியிருக்கும் காயம் உண்மையில் மிக மெல்லிய பிடிப்பில்தான் நிற்கிறது. பிரித்து முடித்த கையோடு "இனி பழையபடி எல்லாம் செய்யலாம்" என்று நாம் நினைக்கிறோமே, அது தப்பு.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு பழைய செய்தி. 1740களில் ஜார்ஜ் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதியின் கப்பல்கள் உலகைச் சுற்றி வந்தபோது மாலுமிகளை ஸ்கர்வி நோய் வாட்டியது. வைட்டமின் சி இல்லாமல் வருவது. அந்தக் கப்பல்களில் ஒன்றில் இருந்த ஒருவர் ஐம்பது வருடம் முன்பு, 1690இல் அயர்லாந்தில் நடந்த பாயின் போரில் காயம்பட்டவர். எப்போதோ ஆறிப்போன அந்தப் பழைய காயங்கள் திரும்பத் திறந்துகொண்டன என்று அந்தப் பயணத்தின் பதிவு சொல்கிறது. தழும்பைப் பிடித்துவைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை உடம்பு எப்போதும் அழித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கிறது. கட்டுவதற்கு வைட்டமின் சி வேண்டும். அது நின்றுபோனால் அரை நூற்றாண்டுத் தழும்பும் நெகிழ்ந்துவிடும். காயம் ஆறியது என்று நாம் சொல்வது, உடம்பு ஓயாமல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைத்தான்.

ஆறாவது தையல்

அம்மா படியில் தடுக்கி விழுந்து வலது முழங்காலைக் கிழித்துக்கொண்டார். முட்டிச் சில்லுக்கு நேர் மேலே, குறுக்காக. பதினோரு தையல். கொடுத்த தாளில் "10 நாள் கழித்துத் தையல் பிரிக்கவும்" என்று எழுதியிருந்தது. பத்தாவது நாளை நான் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்தேன். விடுப்புக்குச் சொல்லியாயிற்று, அதற்கடுத்த நாள் அம்மா அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. எல்லாமே அந்தப் பத்தாவது நாளை நம்பி இருந்தன.

பிரிக்க வந்த செவிலியருக்கு அம்மாவின் வயதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கட்டை அவிழ்த்ததும் உடனே கத்தரியைத் தொடவில்லை. காயத்தைப் பார்த்தார். கையுறை போட்ட விரலின் பின்பக்கத்தால் சுற்றியுள்ள தோலைத் தொட்டுச் சூடு பார்த்தார். ஓரம் சிவந்து பரவியிருக்கிறதா, வீக்கம் உண்டா, நீர் கசிகிறதா என்று குனிந்து பார்த்தார். "காய்ச்சல் ஏதும் வந்துச்சா அக்கா?" என்றார். தையல்களை வாய்விட்டு எண்ணினார். பதினொன்று. தாளிலும் பதினொன்று.

பிறகு முதல் தையலை விட்டுவிட்டு இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை விட்டு நான்காவது. ஒன்று விட்டு ஒன்று ஏன் என்று கேட்டேன். "மொத்தமா எடுத்துட்டா, பிரிஞ்சா பிடிக்க ஒண்ணும் இருக்காது தம்பி. பக்கத்துல இருக்குறது தாங்கிக்கும்" என்றார். ஐந்தாவதை விட்டு ஆறாவதை எடுத்தார். அது சரியாக முட்டியின் உச்சியில் இருந்தது. எடுத்துவிட்டு, "காலைக் கொஞ்சமா மடக்குங்க, கொஞ்சமா" என்றார். அம்மா மடக்கினார். செவிலியரின் கத்தரி அப்படியே நின்றது.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் காட்டிய பிறகுதான் பார்த்தேன். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில், தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு. கரைகள் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் இப்போது தொடவில்லை. ரத்தம் இல்லை, அம்மாவுக்கு வலியும் இல்லை. "நீட்டிக்குங்க அக்கா, போதும்" என்று சொல்லிவிட்டு, கத்தரியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"மீதிய இன்னைக்கு எடுக்க வேண்டாம். நாலு நாள் கழிச்சு வாங்க."

நான் வாதாடினேன். அதை இங்கே எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் நான் சரி என்று நம்பித்தான் வாதாடினேன். பத்து நாள் என்று டாக்டர் எழுதியிருக்கிறார், தள்ளிப் போட்டால் தழும்பு விழும் என்று எனக்குத் தெரியும், நானே அனுபவப்பட்டவன், என்றெல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இடைவெளி விட்ட இடத்தில் மெல்லிய ஒட்டுப்பட்டைகள் இரண்டைக் காயத்துக்குக் குறுக்காக ஒட்டிக்கொண்டே சொன்னார்: "அந்தத் தாளை எழுதும்போது டாக்டர் பாத்தது மொத நாள் காயத்தை. பத்தாவது நாள் காயத்தை இன்னைக்கு நாமதான பாக்குறோம்."

டாக்டரையும் அழைத்துக் காட்டினார். அவர் வந்து குனிந்து பார்த்தார். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா, வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். மூச்சுத் தொந்தரவுக்காக அம்மா பல மாதமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஸ்டீராய்டு காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும், சர்க்கரையும் அப்படித்தான். "சிஸ்டர் சொல்றபடி செய்யுங்க" என்று சொல்லிவிட்டு, மருந்தின் பெயரைக் குறிப்பில் சேர்த்துக்கொண்டு போனார்.

அன்று வீடு திரும்பும்போது அக்காவுக்குப் போன் செய்து பயணத்தை மாற்றியதில்தான் என் கவனம் இருந்தது. இரவுதான் யோசித்தேன். அவர் தையல் பிரித்துக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு நூலாகத் தளர்த்தி, "நீ நிற்பாயா?" என்று காயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை, இல்லை என்று பதில் வந்தது. அவர் அதை மதித்தார். நான் அவ்வளவு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். என் கையில் பிரித்தவர் காயத்திடம் எதையும் கேட்கவே இல்லை.

தழும்பைப் பற்றி நான் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் எந்த உடம்பில், எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துத்தானே நிறுத்துப் பார்க்க வேண்டும்? ஒரு குழந்தையின் கன்னத்தில் என்றால், ஐந்தாம் நாளே எடுத்துவிட்டு ஒட்டுப்பட்டையை நம்புவது சரியாக இருக்கும். ஸ்டீராய்டு சாப்பிடும் அறுபத்தெட்டு வயதுப் பெண்ணின் முட்டியில், ஏணித் தழும்பு விழுந்தாலும் பரவாயில்லை, காயம் திறக்கக் கூடாது. இந்த நிறுவை வேலை, தையல் போட்ட அன்றோடு முடிவதில்லை, பிரிக்கும் கைக்குத்தான் கடைசியாக வந்து சேர்கிறது.

எல்லாத் தையலும் இப்படி ஒவ்வொன்றாக வெட்டுவதில்லை. என் மச்சானுக்கு வயிற்றில் போட்டது தோலுக்கு அடியிலேயே ஓடும் ஒரே நூல், இரண்டு நுனி மட்டும் வெளியே. ஒரு நுனியைத் தோலை ஒட்டி வெட்டிவிட்டு மறு நுனியைக் காயத்தின் போக்கிலேயே மெதுவாக, விடாமல் இழுத்து எடுத்தார்கள். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து உள்ளே நிற்கும் என்பதால் அவ்வளவு நிதானம். ஸ்டேப்ளர் பின் போட்டிருந்தால் அதற்கென்று ஒரு கருவி உண்டு. பின்னின் நடுவை அழுத்தும், இரண்டு காலும் வெளிப்பக்கமாக விரிந்து தோலிலிருந்து கழன்றுவிடும். கரையும் தையல் என்றால் பிரிக்கவே வேண்டாம். எந்த வகை போட்டார்கள் என்பதை வீட்டுக்கு அனுப்பும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மேலே நைலான், உள்ளே கரையும் நூல் என்று இரண்டும் சேர்ந்தும் இருக்கும்.

நண்பர் ஒருவர் தன் காலில் போட்ட தையலை வீட்டிலேயே நகக்கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. அதனால் எல்லோருக்கும் அதையே சொல்கிறார். வெட்டத் தெரிவது கஷ்டமில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மயிரிழைக் கோடு என் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. கத்தரியைக் கீழே வைக்கவேண்டிய நேரம் எது என்று தெரியாதவர் கத்தரியை எடுக்கக் கூடாது என்றுதான் அவரிடம் சொன்னேன்.

பதினான்காம் நாள் போனோம். அதே செவிலியர்தான். ஒட்டுப்பட்டையைக் கழற்றிப் பார்த்தார், கோடு மூடியிருந்தது. காலை மடக்கச் சொன்னார், நின்றது. சலைன் பஞ்சை வைத்து ஊறவிட்டு, மறுபடியும் ஒன்று விட்டு ஒன்றாகத் தொடங்கினார். எடுத்த ஒவ்வொரு நூலையும் தட்டில் விரித்திருந்த வெள்ளைத் துணியின் மேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு முடிச்சு, அதிலிருந்து வளைந்து போகும் ஒரு முழு இழை. எதுவும் குட்டையாக இல்லை. முடித்ததும் காயத்தின் குறுக்கே இடைவெளி விட்டுப் புதிய பட்டைகளை ஒட்டினார். அவை தானாக விழும்வரை பிய்க்க வேண்டாம், ஒரு மாதத்துக்கு முட்டி போட்டு உட்கார வேண்டாம், தழும்பின் மேல் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

"எல்லாம் வந்துடுச்சா?" என்று அம்மா கேட்டார். என் கைக்கதை அவருக்கும் தெரியும்.

செவிலியர் தட்டை அம்மாவின் பக்கம் திருப்பினார். "நீங்களே எண்ணிப் பாருங்க அக்கா. அன்னைக்கு மூணு எடுத்தோம்."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, துணியைத் தொடாமல், ஒவ்வொரு நூலுக்கும் மேலே விரலை நிறுத்தி எண்ணத் தொடங்கினார். நானும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று கூடவே எண்ணினேன். எட்டு.